இரண்டு இடது கைச் சட்டை

எங்கள் தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள் நான். அன்று முப்பது சட்டைகளுக்கான அறுபது கைகளையும் இடது கையாகவே வெட்டித் தள்ளியிருந்தேன். துணியை முகத்தோடு முகம், அதாவது நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம், சேர்த்து மடித்தால்தான் இடமும் வலமும் ஜோடியாக வரும் என்பது இருபது வருடமாகக் கத்திரி பிடிக்கிற எனக்குத் தெரியாதா? மடிக்கும்போது கண் சொருகிவிட்டது. மூன்று மாதமாக ராத்திரி ஒரு மணி வரை போன், நான்கு மணி நேரத் தூக்கம், காலையில் வெறும் டீ, மதியம் கிடைத்தால் ஒரு பன்.

தைக்கிற தங்கச்சி ஒரு சட்டையைத் தைத்தே காட்டினாள். "ஏக்கா, இதப் போடுறவருக்கு ரெண்டுமே இடது கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என் மேலேயே. அந்தச் சட்டையை என் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் பீரோவுக்குள், சாவி என் வீட்டுக்காரரிடம். காலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் வாசல் தாண்டுவதில்லை. முதல் வாரம் தூக்கம் வராமல் புரண்டேன், விடவில்லை. மூன்றாம் வாரம், தினமும் மதியம் பிடுங்கிக்கொண்டிருந்த தலைவலி வந்த வழியே போய்விட்டது.

நேற்று மதியம் முதலாளி அவசர ஆர்டரோடு வந்தார். "சாப்பாட்ட அப்புறம் பாத்துக்கலாம்மா. ராத்திரியும் இருந்து வெட்டிக் குடுத்துடு."

ஆணியிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினேன். "வெட்டுறேன் சார். முதல்ல இதப் போட்டுப் பாருங்க."

அவர் இரண்டாவது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.