மூலைக்குக் கொஞ்சம் லூஸ்

“உன் குளியல் என் அலமாரிக்குள்ள வருதுண்ணா. துணியெல்லாம் பூஞ்சை.”

“நேத்துதானே அடைச்சேன், அதுக்குள்ள எப்படி வரும்?”

“அதைத் தண்ணிகிட்ட கேளு.”

டெய்லரும் அவர் தங்கையும் மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. புழுக்கம் என்றே வைத்துக்கொள்வோம். தங்கைக்கு நாற்பது நெருங்குகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கீழ்வீட்டில் தனிக்குடித்தனம். இந்த முறை அவள் கத்தலோடு விடவில்லை.

“மாசக் கடைசிக்குள்ள ஒழுகல் நிக்கலைன்னா வேற வீடு பாத்துட்டுப் போயிடுவேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். டெய்லருக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்றவர்கள் போனபின் அவருக்கு மிஞ்சிய கூடப்பிறப்பு அவள் ஒருத்திதான். மனுஷனுக்குச் சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

விஷயம் இதுதான். மாடிக் குளியலறையில் ஷவருக்கு மறைப்பாக அவர் பிற்பாடு எழுப்பிய குறுக்குச் சுவர், பழைய சுவரோடு ஒட்டாமல் விலகிக்கொண்டிருந்தது. இரண்டும் சேரும் மூலையில் இடுக்கு. அவரும் சளைக்காமல் வெள்ளை சிமெண்டைக் குழைத்து, கட்டைவிரலால் திணித்து, கல்லாக இறுக்குவார். காய்ந்த கையோடு மயிரிழை விரிசல் விடும். வாரம் போனால் நகம் நுழையும்.

கடையில் காஜா எடுக்கும்போதும் மனசு அந்த மூலையிலேயே கிடந்தது. யாருடைய சட்டைக்கோ யாருடைய பட்டனையோ தைத்தார். பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடிவந்து டைல்ஸைத் தட்டினார். டொக் டொக் என்றது. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி தட்டினார்.

துண்டோடு வாசலில் நின்ற மனைவிக்குப் பொறுமை போயிற்று. “ஏங்க, நான் குளிக்கணுமா, இல்ல உங்க வைத்தியத்தை வேடிக்கை பாக்கணுமா?”

“இன்னும் இறுக்கி அடைச்சா நிக்கும்.”

“சட்டைக்கு அக்குள்லயும் இப்படித்தான் இறுக்கித் தைப்பீங்களா?”

“அப்படித் தைச்சா கையைத் தூக்கினதும் கிழி…” அவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“சொல்லுங்க, சொல்லுங்க.”

அன்றே ஹார்டுவேர் கடைக்காரரை அழைத்து வந்தார். மனைவியை இழந்த, அதிகம் பேசாத மனிதர்.

“மூலையை அப்புறம் பாக்கலாம். விலகுற சுவரை முதல்ல பிடிக்கணும்” என்றார்.

சில டைல்ஸைக் கழற்றி, இரும்புப் பட்டை வைத்து இரண்டு சுவரையும் முடுக்கினார்கள். மூலையிலிருந்த சிமெண்டை ஒட்டச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சிலிகானைப் பிதுக்கினார்கள். “ரப்பர் மாதிரி. சுவர் அசைஞ்சா இதுவும் கூட அசையும்” என்றார் கடைக்காரர். டெய்லர் அதை விரலால் வழித்துவிட்ட நேர்த்தி, காலர் மடிப்பில்கூட வராது.

ஒழுகல் நின்றது. கடைக்காரரின் வரவு நிற்கவில்லை. கூரை ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கீழ்வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். காய்ந்த கூரையைப் பார்ப்பதற்கு டீ எதற்கு என்று தெருவில் எல்லோருக்கும் சந்தேகம்.

“அவரு அண்ணாந்து பாக்குற மாதிரி தெரியலையே” என்றாள் மனைவி.

“உனக்கு வேற வேலையில்ல” என்றார் டெய்லர். ஆனால் அன்றிரவு அவரும் கீழே போய் அந்தக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

மழைக்காலம் வருமுன்பே தங்கை கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவர் கடைக்கு மேலிருந்த வீட்டுக்குக் குடிபோனாள். கீழ்வீட்டில் இப்போது ஒரு இளம்ஜோடி இருக்கிறது, தங்கமான பிள்ளைகள். எந்தக் குறையும் சொல்ல மாடியேறுவதில்லை என்பதுதான் டெய்லருக்கு அவர்கள்மேல் உள்ள குறை.