ரெண்டாவது பட்டன்

ஏய், தூங்கிட்டியா? தூங்கினாலும் பரவால்ல, எழுந்து போன காதுல வெச்சுக் கேளு. மெல்லத்தான் பேசுவேன். பக்கத்து ரூம்ல அம்மா படுத்திருக்காங்க, அவங்களுக்குப் பாம்புக் காது.

நாளைக்கு எங்க அண்ணனுக்கு வேலையில கடைசி நாள். தகடு வெட்டற பட்டறை. அடுத்த வாரம் அவன் கிடாரும் நான் பேஸ் கிடாருமா எங்க பேண்டு ஊர் ஊரா வாசிக்கப் போகுதுல்ல, அதனால வேலைய விடறான். நல்லதுதானே, இதுல பயப்பட என்ன இருக்குன்னு கேப்ப. சொல்றேன்.

நாங்க வாசிக்கற ஹெவி மெட்டல் பாட்டு பொறந்ததே ஒரு தகடு பட்டறையிலதான்னு சொல்வாங்க. ஒரு கிடார்காரர், எங்க அண்ணன விட சின்னப் பையன். அவருக்கும் பேண்டோட வெளியூர் கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி நாள். தகட அழுத்தி வெட்டற பிரஸ் மிஷின்ல அவர நிக்க வெச்சாங்க. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவரு, திரும்பப் போகலன்னாரு. அவங்க அம்மா, ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு துரத்தி விட்டாங்க. போனாரு. ரெண்டு விரல் நுனி போச்சு. அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பு பாட்டில உருக்கி, விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டாரு. பின்னாடி, கிடார் கம்பிய அழுத்த சுலபமா இருக்கட்டும்னு அதையும் தளர்த்தினாரு. அந்தக் கனமான சத்தம் அதுலேருந்து வந்ததுதான். எங்களுக்கெல்லாம் அது புராணம்.

இன்னிக்கு சாயங்காலம் பட்டறை ஃபோர்மேன், எங்க அண்ணனுக்குப் போன் பண்ணாரு. "பிரஸ் மிஷின் ஆளு நாளைக்கு லீவு. நீ நின்னுடு."

"போகாதண்ணா"ன்னேன்.

அம்மா தையல் மிஷின நிறுத்திட்டுத் திரும்பினாங்க. "கடைசி நாளும் அதுவுமா மட்டம் போட்டா என்ன பேரு எடுப்பான்? போயிட்டு வரட்டும்."

"அந்த அம்மாவும் இப்படித்தாம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"ஹெவி மெட்டல் அம்மா."

"நல்லா வளத்திருக்காங்க"ன்னு மறுபடி தைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, எங்க பேண்டுல ட்ரம்ஸ் வாசிக்கறானே, இடின்னு கூப்பிடுவோமே, அவன்கிட்டயாவது சொல்லுவோம்னு போனேன். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுட்டு இருந்தான். முழுசா கேட்டுட்டு, "எந்த விரல் போச்சாம்?"ன்னான்.

"நடு விரல், மோதிர விரல்."

"அது போதும், சுண்டு விரலெல்லாம் வேணாம்"னு மாவத் திருப்பிப் போட்டான். "நமக்கும் சவுண்டு இன்னும் கனமா இல்லைன்னு ஒரு குறை இருக்குல்ல."

இவன நம்பி ஊர் ஊரா போகப் போறோம்.

கடைசியில பட்டறைக்கே போயிட்டேன். ஃபோர்மேன்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவரு சிரிக்கல. மிஷின் பக்கத்துல கூட்டிட்டுப் போனாரு.

"பாப்பா, அது அந்தக் காலம். இங்க பாரு, ரெண்டு பட்டன். வலது கை ஒண்ணுல, இடது கை ஒண்ணுல. ரெண்டையும் சேத்து அழுத்தினாத்தான் பிரஸ் இறங்கும். ரெண்டு கையும் வெளிய இருந்தா விரல் எப்படி உள்ள போகும்?"

எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. அப்புறம்தான் பாத்தேன். இடது பட்டன அழுத்தி வெச்சு மேல டேப் சுத்தியிருந்துச்சு.

"சார், இது?"

"அது வேகத்துக்கு. ஒரு கையால தகட வைக்கலாம், ஒரு கையால அழுத்தலாம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையையும் எடுத்துட்டு இருந்தா வேல எப்ப முடியறது?"

திரும்பி வந்த உயிர் வாசல்லயே நின்னுடுச்சு.

வீட்டுக்கு ஓடி வந்து அண்ணன்கிட்ட, "அந்த மிஷின்ல ஒரு பட்டன டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க, தெரியுமா?"ன்னேன்.

கிடார்லேருந்து தலையத் தூக்காமலே, "தெரியும். ஒட்டினதே நான்தான்"னான். "ஐடியா என்னுதுன்னு அன்னிக்கு ஃபோர்மேன் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு."

அவன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். "நான் ஜாக்கிரதையா இருப்பேன்டி"ன்னான். ஜாக்கிரதையா இருக்கறவன் எவன்டி பட்டன டேப் போட்டு ஒட்டுவான்?

வேற வழி தெரியல. "சரி, நானும் வரேன். ஸ்கூலுக்கு லீவு போடறேன். டேப்ப எடுத்துட்டு, நீ ஒரு கையால தகட வை, இன்னொரு கையால வலது பட்டன அழுத்திக்கோ. இடது பட்டன நான் அழுத்தறேன். உன் வேகமும் குறையாது"ன்னேன்.

அப்பத்தான் தலையத் தூக்கினான். மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"நீயா?"

"ஆமா."

"நீ பேஸ் வாசிக்கும்போதே ஒவ்வொரு தடவையும் தாளத்துக்கு முன்னாடி வந்து விழறவ. என் விரல் வெளிய வர்ற வரைக்கும் காத்திருப்பியா நீ?"

"முயற்சி பண்றேன்."

புராணம் சொல்லி அசையாதவன், நான் மிஷின நேர்ல பாத்துட்டு வந்து சொல்லியும் அசையாதவன், கிடார அப்படியே கட்டில்ல போட்டுட்டுப் போன எடுத்தான். என் கண்ணு முன்னாடியே, சத்தமா சொல்லிக்கிட்டே, ஃபோர்மேனுக்கு மெசேஜ் போட்டான்: 'நாளைக்கு டேப் எடுத்தாத்தான் மிஷின்ல நிப்பேன். இல்லன்னா பட்டறையக் கூட்டி வாரி விட்டுட்டு வரேன். என் தங்கச்சி வந்தா உள்ள விடாதீங்க.'

அம்மா உள்ளேருந்து, "வாரற வேலையையாவது சுத்தமா செய்யி"ன்னாங்க.

எனக்குக் கொஞ்சம் அசிங்கமாத்தான் இருந்துச்சு. நான் அவ்வளவு மோசமாவாடி வாசிக்கறேன்? சரி விடு, பதில் சொல்லாத.

அண்ணன் இப்ப குறட்டை விட்டுத் தூங்கறான். கை போர்வைக்கு வெளிய கிடக்கு. ஃபோர்மேன்கிட்டேருந்து பதில் வந்துடுச்சு, சரின்னுகூட எழுதல. ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருக்காரு.

அந்த ஒத்த விரலப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே வரல. காலையில பட்டறை திறக்கும்போது நான் அங்க இருப்பேன். உள்ள விடலன்னா ஜன்னல் வழியா பாப்பேன், டேப் எடுத்தாச்சான்னு. டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு.