சட்டியைப் பிடித்த பாதங்கள்

12.2.2025, புதன். சிறிய தவறு. அம்மா களி கிண்டும் படத்தில் சட்டி அடுப்பின் மேலேயே இருக்கிறது.

மைதிலி நோட்டை மூடிவிட்டுத் தூரிகையை நனைத்தாள். நாமக்கல் மாலை ஓவிய வகுப்பில் நாட்டுப்புறப் பாணியில் வரையச் சொன்ன படம்: தடித்த கருங்கோடு, மீன் கண், ஓரமெல்லாம் புள்ளி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட அம்மா சௌந்திரம், காலையில் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்திருந்தாள்.

“ஏஞ்சாமி, என்னையவா இவ்ளோ செவப்பா வரஞ்சிருக்கற? உங்கப்பா மறுக்காப் பொண்ணு கேட்டு வந்துருவாரு.”

“வந்தாக் குடுப்பாங்களா உங்கூட்டுல?” என்றார் வாசலில் நின்ற அப்பா செங்கோட்டையன்.

“யோசிச்சுத்தானுங்க சொல்லோணும்.” சிரிக்கப் போய் மூச்சு இரைத்தது. பிறகு படத்தின் மேல் விரலை வைத்தாள். “சட்டிய எறக்கி ரெண்டு காலுலயும் புடிச்சுக்கோணும். இப்புடிக் கிண்டுனாப் பொரண்டுக்கும்.”

“மத்தியானத்துக்குள்ள மாத்திக் காட்டறேம்மா.”

மைதிலிக்குப் பாதம் வரைய வராது. அதனால்தான் சேலைக்குள் மறைத்திருந்தாள். இப்போது சட்டியின் மேல் வெள்ளை பூசிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். வீங்கிய பாதங்கள். கட்டைவிரல்களின் உள்பக்கம் சூடு பட்டுப் பட்டுத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்தக் களியைத் தின்றவள் இதைப் பார்த்ததே இல்லை. முதலில் வரைந்த பாதம் பெருத்துவிட்டது. அடுத்தது வாத்துக்கால். மூன்றாம் முறைதான் விரல்கள் சட்டியை இறுக்கின. அந்தக் கறுப்பையும் வைத்தாள்.

“அம்மா, இப்பச் செரியா?”

படத்தைத் தூக்கிப் பிடித்தபோதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

செங்கோட்டையன் ஓடிவந்து மனைவியின் மூக்கருகே கையை வைத்தார். “எப்பச் சாமி? நீ பக்கத்துலதான இருந்த?”

“காலப் பாத்துட்டு இருந்தனுங்கப்பா.”



அத்தை வந்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். “இதைய எடு சாமி. சனம் வந்து உக்காரோணும்.” மைதிலி ஈரம் காயாத படத்தை பீரோவுக்குப் பின்னால் செருகினாள்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாமா வீட்டிலிருந்து சோறு வந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

விளக்கு வைத்ததும் நோட்டைத் திறந்தாள். காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

நாளை ஆறு மணிக்குள் பால்காரரிடம் இரண்டு லிட்டர் வாங்கி வைக்க வேண்டும். ஆறரைக்கு அப்பா மயானத்தில் பால் தெளிக்கப் புறப்படுகிறார்.