எலுமிச்சையும் பூவிதழும்

சுபத்திராவின் தாத்தா கனகசுந்தரம் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். தீப்பிடித்த விமானத்தை ஒற்றை எஞ்சினில் கடல் தாண்டிக் கொண்டுவந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் பெற்றார். பிறகு மலேசியாவின் பத்து பகாட் ஊரில் கணக்கு வாத்தியார். போரைப் பற்றி வாய் திறக்காதவர், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு விளையாட்டு வைப்பார். ஓடும் சைக்கிளிலிருந்து எலுமிச்சையைக் கைவிட்டு, தரையிலுள்ள வாளியில் விழவைக்க வேண்டும். வாளிக்கு நேர்மேலே வந்தபின் கைவிட்டால் பழம் தாண்டிப்போகும். சைக்கிளின் வேகம் பழத்துக்கும் இருக்கிறதல்லவா? அதனால் சற்று முன்னாலேயே விடவேண்டும். அவர் மறைந்த பிறகும் அந்த வீட்டுப் பிறந்தநாள்களில் எலுமிச்சை பறந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான் சிம்பாங் ரெங்கம் கோவில் கும்பாபிஷேகத்தில் ட்ரோனிலிருந்து பூத்தூவும் பொறுப்பைச் சுபத்திரா கேட்டு வாங்கினாள்.

"கலசத்துல விழுந்துரும்லம்மா? பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி லா," என்றார் கோவில் தலைவர் லெட்சுமணன்.

"எங்க குடும்பத்துக்கே இது பழக்கம், அங்கிள்."

ட்ரோனில் இரண்டு பெட்டி இதழ்கள். குருக்கள் குடத்தைச் சாய்த்ததும் ட்ரோனை வேகமாக ஓட்டி, கலசத்துக்கு முன்னாலேயே முதல் பெட்டியைத் திறந்தாள். அத்தனையும் சாப்பாட்டுப் பந்தல்மேல் கொட்டின.

"அலமாக்! சாம்பாருக்கா அர்ச்சனை பண்ற?" என்றான் அண்ணன் விஜயேந்திரன்.

"சும்மா இருண்ணே!"

லெட்சுமணன் தலையில் கைவைத்தார். குடத்தில் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் இருந்தது.

சுபத்திராவுக்குப் பளிச்சென்று புரிந்தது. எலுமிச்சை கனமானது, காற்று அதை எளிதில் நிறுத்தாது. இதழோ லேசு. பெட்டியைவிட்டு வெளியே வந்ததுமே அதன் வேகத்தைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் காற்று போகும் பக்கம்தான் இதழும் போகும்.

காற்று எந்தப் பக்கம்? யாகசாலைப் புகை கோபுரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. ட்ரோனைப் புகை வரும் பக்கம் கொண்டுபோய், அசையாமல் நிறுத்தி, இரண்டாம் பெட்டியைத் திறந்தாள்.

இறக்கைக் காற்றில் இதழ்கள் முதலில் குடைபோல் விரிந்தன. பிறகு மெல்ல நகர்ந்து கலசத்தின்மேலும், குருக்கள் தோளிலும், லெட்சுமணன் வழுக்கையிலும் இறங்கின. கூட்டம் "அரோகரா!" என்று அதிர்ந்தது.

லெட்சுமணன் இதழைத் தட்டிவிடாமலே ஓடிவந்தார்.

"இன்னொரு பெட்டி இருக்காம்மா?"

"முடிஞ்சிருச்சு, அங்கிள்."

"அப்ப அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இப்பவே சொல்லிட்டேன். அன்னிக்கு வேற யாருக்கும் ஒத்துக்காத!"