மூன்று மணி தாண்டினால் துபாய் இல்லை

"கெஸ்ட்டு யாருண்ணே?" என்று முத்துமீனா சும்மாதான் கேட்டாள்.

இட்லி பார்சலை வாங்கிக்கொண்டிருந்த விமானி கேப்டன் பீமாராவ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சித்தார்த். கல் கிரஷர் முதலாளி மகன். அந்த ஆக்சிடென்ட் கேஸு பேப்பர்ல வந்துச்சே, அவரேதான்."

முத்துமீனா சாம்பார் பையை எடுத்து நீட்டினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மதுரை விமான நிலையத்தின் வாசல். தனி விமானத்தில் வந்து போகிறவர்களுக்கு வண்டி அனுப்பும் அவனியாபுரம் அப்துல் அலீமிடம் அவள் டிரைவர். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தொப்பி, நீளமான கறுப்பு ஜெர்மன் வண்டி. இந்தத் தொழிலில் பயணியின் பெயரை டிரைவருக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண்ணும், ஆளை ஏற்றிக்கொள்ள வேண்டிய இடமும் மட்டும்தான் வரும். அலீம் பாய்க்கே பெயர் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இவளை அனுப்பியிருக்க மாட்டார்.

ஏனென்றால், அவள் புருஷன் சுடலை செத்தது இந்தச் சித்தார்த்தால்.

சுடலை அந்த வீட்டு டிரைவராக இருந்தான். உசிலம்பட்டி ரோட்டில் சைக்கிளில் போன கொத்தனார் ஒருவர் அடிபட்டுச் செத்தபோது, குடித்துவிட்டு வண்டியை ஓட்டியது சித்தார்த். சுடலை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். "நீ ஓட்டுனதா சொல்லிரு. ஒரு வாரத்துல வெளிய எடுத்துர்றேன்" என்றான் முதலாளி மகன். சுடலை நம்பினான். எடுக்க யாரும் வரவில்லை. குடிபோதையில் வண்டியைத் திருடிக்கொண்டு போனவன் இவன் என்று சித்தார்த்தின் வக்கீலே கோர்ட்டில் சொன்னார்.

சிறையில் சுடலைக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஜாமீனுக்கு உதவி கேட்டு முத்துமீனா எழுமலையிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு கேட்டில் நின்றாள். சித்தார்த் மாடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். குனிந்து அவளைப் பார்த்தான். வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னான். வாட்ச்மேன் நாயை அவிழ்த்துவிட்டான்.

தீர்ப்பு வருவதற்குள் சுடலை போய்விட்டான். அவன் கற்றுக்கொடுத்த ஸ்டீயரிங்தான் அவளுக்குச் சோறு போட்டது.

இப்போது விஷயம் தலைகீழாகியிருந்தது. அன்றைக்குப் பின் சீட்டில் இருந்த சித்தார்த்தின் கூட்டாளி, கிரஷர் பங்குத் தகராறில் முறைத்துக்கொண்டு, போலீசில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். சித்தார்த்தின் முன்ஜாமீன் மனு ஹைகோர்ட்டில் இன்றைக்கு வருகிறது.

"மனு தள்ளுபடின்னா அய்யா அப்புடியே துபாய்க்குப் பறந்துருவாரு" என்றார் பீமாராவ். "அவரு மேனேஜர் உளறிட்டான். நாளைக்கின்னா எல்லா ஏர்போர்ட்டுக்கும் நோட்டீஸ் வந்துருமாம். இன்னைக்கு வரைக்கும் தடை இல்லை. எனக்கென்ன, கம்பெனி ஓட்டுன்னா ஓட்டுறேன். ஆனா அந்தாளு பண்ணுற அலும்பு இருக்கே!"

"என்ன பண்ணுனாரு?"

"ஹோட்டல்ல படுத்திருக்கோம், கூப்பிட்டதும் வந்துர்றோம்னேன். கேக்கலை தங்கச்சி. காலைல ஆறு மணிக்கே டூட்டியில ஏறி பிளேன்ல உக்காந்திருக்கணுமாம். அவரு நெனச்ச நேரம் பறக்கணுமாம். ஆட்டோ ஸ்டாண்டுன்னு நெனைச்சுட்டாரு."

"உக்காந்துதானண்ணே இருக்கீங்க. அதுல என்ன?"

"அதுலதான் இருக்கு. டூட்டியில ஏறுன நிமிஷத்துலருந்து எங்க நேரம் ஓட ஆரம்பிச்சுரும். சும்மா உக்காந்து இட்லி தின்னாலும் கணக்குதான். துபாய்ல இறங்குற வரைக்கும் சேத்துக் கணக்கு. பகல் மூணு மணிக்குள்ள கிளம்பலைன்னா இன்னைக்கு நான் ஓட்ட முடியாது. ஓட்டுனா என் லைசென்ஸ் காலி. தூங்கி எந்திரிச்சு நாளைக்குத்தான்."

முத்துமீனா அவரையே பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"எங்க சொல்ல? போலீசுக்குப் பயந்து போனை அணைச்சுட்டாரு. புது நம்பரு வக்கீலுக்கு மட்டும்தானாம். மேனேஜரையும் சென்னைக்கு அனுப்பிட்டாரு. நீதான் சொல்லணும். மூணு மணி. மறந்துராத."

"மறக்க மாட்டேன்ணே" என்றாள் முத்துமீனா.

அழகர்கோவில் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு மாந்தோப்பு. அதன் நடுவே இருந்த பங்களாவின் வராந்தாவில் சித்தார்த் அரை டிராயரோடு உலாத்திக்கொண்டிருந்தான். அவளைத் தொப்பியிலிருந்து ஷூ வரை அளந்தான். முகத்தில் மட்டும் அவன் கண் நிற்கவில்லை.

"லேடி டிரைவரா? அலீம் பாய்க்கு ஊர்ல ஆம்பளையே கிடைக்கலையா?"

"குட்மார்னிங் சார். கேப்டன் உங்ககிட்ட ஒரு விஷயம்..."

தொழில் பழக்கம். மனசுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. அவன் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினான்.

"ஏய், ரூல் தெரியாதா? நான் கேட்டா மட்டும்தான் வாயைத் தொறக்கணும். போய் வண்டியில உக்காரு."

"சரி சார்."

அவள் வண்டியில் போய் உட்கார்ந்தாள். வாய் முந்திக்கொண்டதற்காகத் தன் தொடையையே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். மூணு மணி என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் இவன் துபாயில். சொல்லாவிட்டால் இவன் இங்கே, இந்த மண்ணில். இனி அவன் காலில் விழுந்து கேட்டாலும் அது வெளியே வராது.

பகல் ஒரு மணி சுமாருக்கு வக்கீலின் அழைப்பு வந்தது. மனு தள்ளுபடி. சித்தார்த் பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தான். கெட்ட வார்த்தையில் நீதிபதியைத் திட்டினான். பிறகு குளித்தான். சென்ட் அடித்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு வந்து பின் சீட்டில் சாய்ந்தான்.

"ஏர்போர்ட்டுக்கா சார்? ரிங் ரோட்டுல போனா சீக்கிரம் போயிரலாம்" என்றாள். பயணியிடம் பாதையைக் கேட்டாக வேண்டும் என்பது அலீம் பாயின் கண்டிப்பு.

"என்ன அவசரம்? நானா பிளேனுக்கு ஓடணும், பிளேன்தான் எனக்கு நிக்கணும். டவுனுக்குள்ள விடு. சிம்மக்கல் பக்கம். கறிதோசை வாங்கணும். இனி எம்புட்டு வருசம் கழிச்சு இந்த ஊரு ருசி கிடைக்குமோ."

"போலீசு எதுவும்..."

"எங்க வீட்டு வாசலுக்குப் போவானுங்க, வில்லாபுரம் குடோனுக்குப் போவானுங்க. கறிதோசைக் கடையிலயா தேடுவானுங்க?" அவனே சிரித்துக்கொண்டான். சிரிப்பு நின்றதும் கேட்டான். "ஆமா, காலைல கேப்டன் என்னமோ சொன்னான்னியே. என்னது?"

இப்போது கேட்டுவிட்டான். கேட்டால் வாயைத் திறக்கலாம்.

முத்துமீனா கண்ணாடியில் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஏசி போட்டு ரெடியா வச்சிருக்கேன்னாரு சார். வேற ஒண்ணும் இல்லை."

"அம்புட்டுதானா? சரி, ஓட்டு."

கடை வாசலில் மதியக் கூட்டம் முண்டியது. பின் சீட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, "ரெண்டு கறிதோசை, ஒரு எண்ணெய்ச் சுக்கா. சூடா இருக்கணும்" என்று சித்தார்த் அவளை இறக்கிவிட்டான்.

முத்துமீனா வரிசையில் நின்றாள். தனக்கு முன்னால் ஆறேழு பேர் போகும் வரை போனைக் காதில் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் ஆர்த்திகா எடுத்தார். கூட்டாளி கக்கிய பிறகு சுடலை பற்றி அவளிடம் வாக்குமூலம் வாங்கியவர் அவர்தான்.

"ஆளு என் வண்டியிலதான் இருக்காரு மேடம்."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம். "எங்க? அவன் வீட்டுல தேடிட்டு இருக்கோம்!"

"இப்பவே வாரீங்களா?"

"கோர்ட்டு ஆர்டர் காப்பி கையில வராம தொடக்கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா. பெரிய இடம், பயப்படுறாங்க. மூணரை ஆயிரும். அதுக்குள்ள அவன் பறந்துட்டா?"

"பறக்க மாட்டாரு மேடம். காப்பியை வாங்கிட்டு நேரா ஏர்போர்ட்டு வாசலுக்கு வாங்க."

கல்லுக்கு முன்னால் அவள் முறை வந்தது. தோசை மாஸ்டர் அவள் தொப்பியைப் பார்த்துக் கரண்டியைத் தூக்கி சல்யூட் வைத்தார்.

"மேடம் எந்த டிபார்ட்மென்ட்டு? ரெய்டு கிய்டு இல்லையே?"

"டிரைவருண்ணே. ரெண்டு கறிதோசை, ஒரு எண்ணெய்ச் சுக்கா. அவசரமே இல்லை, கறி நல்லா வேகட்டும். இந்த அக்கா கைப்புள்ளையோட நிக்கிறாங்க, அவங்களுக்கு முதல்ல குடுங்க. பின்னாடி நிக்கிற அண்ணனுக்கும்."

"மகராசியா இரு தாயி" என்றாள் பிள்ளைக்காரி.

மாஸ்டர் மலைத்துப் போனார். "வரிசையில அடிச்சுக்கிறவுகளைத்தான் பாத்திருக்கேன். விட்டுக் குடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கறிதோசை கல்லில் விரிந்தது. மாவு, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி. திருப்பப் போனவரை அவள் தடுத்தாள். "இன்னும் கொஞ்சம் முறுகட்டும்ணே. ஊரை விட்டுப் போறவரு. ருசியாச் சாப்பிடணும்."

போன் அதிர்ந்தது. பீமாராவ்.

"தங்கச்சி, மணி ரெண்டரை ஆகப் போகுது. எங்க இருக்கீங்க? அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ணே."

"என்ன சொன்னாரு?"

"கறிதோசை வேணும்னாரு."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. "காசு இருக்கவனுக்குக் கிறுக்குப் பிடிச்சா இப்படித்தான். சரி, என்னமோ பண்ணுங்க."

இவரிடம் பொய் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. பார்சலின் மேல் வாழையிலையை மடித்துக் கட்டும் வரைதான் அந்த உறுத்தல் இருந்தது.

தெற்குவாசல் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பின்னால் சித்தார்த் ரசித்துத் தின்றான். சுக்கா எண்ணெய் வெள்ளைத் தோல் சீட்டில் சொட்டியது. வில்லாபுரம் தாண்டும்போது வண்டியின் கடிகாரம் மூன்றைக் காட்டியது. முத்துமீனா வேகத்தை இன்னும் குறைத்தாள். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்களுக்கு வழி விட்டாள். மாடு ஓட்டிக்கொண்டு போனவருக்கும் நின்று வழி விட்டாள்.

"என்னடி உருட்டுற?" என்றான் சித்தார்த், விரலை நக்கியபடி.

"உங்க உசுரு முக்கியம் சார்."

விமான நிலைய வாசலில் அவள் இறங்கிக் கதவைத் திறந்தாள். சித்தார்த் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தான். எதிரே பீமாராவ் துணை விமானியோடு வந்துகொண்டிருந்தார். தோளில் பை. கழுத்துப் பட்டை தளர்ந்திருந்தது.

"என்ன கேப்டன், வரவேற்க நீங்களே வந்துட்டீங்களா?"

"நான் ஹோட்டலுக்குப் போறேன் சார். இனி நாளைக்குத்தான் ஓட்ட முடியும்."

சித்தார்த் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"விளையாடுறீங்களா? பிளேன் அந்தா நிக்குது!"

"பிளேன் நிக்கும். ஓட்ட ஆள் வேணும்ல. காலைல ஆறு மணிலருந்து எங்களை உள்ள உக்கார வச்சது நீங்க. மூணு மணியோட எங்க டூட்டி நேரம் பத்தாமப் போச்சு. தாண்டுனா என் லைசென்ஸ் காலி."

"எம்புட்டு வேணும்? சொல்லுங்க!"

"சார், அம்பானியே வந்து கேட்டாலும் முடியாது. டிரைவர்கிட்டதான் தெளிவா சொல்லி அனுப்பினேனே. மூணு மணின்னு."

சித்தார்த் திரும்பினான். முதல் தடவையாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்தான்.

"இவ சொல்லவே இல்லை!"

"ஆமாண்ணே, சொல்லலை" என்றாள் முத்துமீனா, கேப்டனைப் பார்த்து. "உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. அவர்கிட்ட சொன்ன பொய்க்கு இல்லை."

"ஏய்! யாருடி நீ?"

அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"சுடலை பொண்டாட்டி. உங்க வீட்டு கேட்டுல நின்னேன். நாயை அவுத்து விட்டீங்க. கெண்டைக்கால்ல தழும்பு இருக்கு, காட்டவா?"

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் சாவகாசமாகப் பார்த்தாள். இத்தனை நாள் ராத்திரியெல்லாம் கற்பனை பண்ணிப் பார்த்த முகம். கற்பனையைவிட நன்றாகவே இருந்தது.

"எவ்வளவு கேக்குற?" என்றான் உலர்ந்த குரலில். "வண்டியை எடு. கொச்சிக்குப் போயிரலாம். ராத்திரியே வேற பிளேன் பாத்துர்றேன். உனக்கு வீடு கட்டித் தாரேன். எழுதியே தாரேன்."

"வண்டி கேப்டனுக்கு, சார். ஊழியர்களை ஹோட்டல்ல விடணும்னு டிரிப் ஷீட்ல போட்டிருக்கு." அவள் டிக்கியைத் திறந்து அவன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வெயிலில் வைத்தாள். "ஏறுங்கண்ணே."

சித்தார்த் போனை எடுத்து வக்கீலை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தான். இந்தத் தடவை எடுத்ததும், டிரைவர் மாட்டிவிட்டாள் என்று கத்தினான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டாக்சி நிற்கும் பக்கம் ஓடினான். அந்தப் பக்கத்திலிருந்துதான் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆர்த்திகா இறங்கும்போது கையில் ஒரு தாள் இருந்தது.

வண்டிக்குள் பீமாராவ் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் துணை விமானி கறிதோசை வாசனையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"உன் வேலை போயிருமே தங்கச்சி" என்றார் பீமாராவ். கோபமா வருத்தமா என்று தெரியாத குரல்.

"போகட்டும்ணே."

டேஷ்போர்டில் அலீம் பாயின் பெயர் மின்னியது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"யா அல்லா! என்னம்மா பண்ணி வச்சிருக்க? கெஸ்ட்டோட வக்கீல் போன்ல கத்துறாரு. நம்ம பேரு என்னாகுறது? சாவியைக் கொண்டாந்து ஆபீஸ்ல ஆசிப்கிட்ட குடுத்துட்டுப் போயிரு!"

"தாரேன் பாய். சீட்டுல எண்ணெய் சிந்தியிருக்கு, துடைச்சுத் தாரேன்."

போனை வைத்தாள். "ஹோட்டலுக்குப் போலாமா?" என்றார் பீமாராவ், கண்ணைத் தேய்த்தபடி.

"ஒரு நிமிசம்ணே. அவரு ஏறட்டும்."

ஜீப்பின் பின்கதவுப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் சித்தார்த்தின் கையைப் பிடித்திருந்தார்கள். அவன் முன் சீட்டைக் காட்டி ஏதோ வாதாடினான். ஒருவர் அவன் தலையை அமுக்கி உள்ளே தள்ளினார். அவன் கம்பி வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும், முத்துமீனா தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். அவன் பார்க்கட்டும் என்று தொப்பி இல்லாமலே உட்கார்ந்திருந்தாள். அவன் பார்த்தான். அவள் இமைக்கவில்லை.

ஜீப் திரும்பி வில்லாபுரம் ரோட்டில் மறைந்த பிறகுதான் அவள் வண்டியைக் கிளப்பினாள்.