அதே எனக்கும்

...இன்னும் இரண்டு நாள்தானே, ஓட்டிவிடலாம், நாளை மறுநாள் இந்நேரம் விமானத்தில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருப்போம், ஆனால் அதற்கு முன்னால் மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்று நினைத்தபடி அவள் விடுதியின் மாடிப்படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. நாத்தனார் வரவில்லை, கால் வீங்கித் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருக்கிறாள். "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க அண்ணி, எனக்கு ரெண்டு வாழைப்பழம் போதும். வெளிநாட்டைச் சுத்திப் பாக்க வந்தேன், இப்ப ஃபேன் சுத்துறதைப் பாத்துக்கிட்டிருக்கேன்." இந்தப் பயணமே அவள் கிளப்பியதுதான், அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகியும் அண்ணி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாரே என்று. பாவம், நல்ல மனசு. ஆனால் எத்தனை சந்தை, எத்தனை கடை, பெயர் தெரியாத எத்தனை சூப்பு... நாக்கே களைத்துவிட்டது. நடந்து நடந்து கால் வலிப்பதுபோல, ருசி பார்த்துப் பார்த்து நாக்கும் வலிக்குமா என்ன?

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி போர்வையை உதறிக் கொடியில் போட்டாள், தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டார், எங்கோ வெங்காயம் வதங்கியது. இந்த வீடுகளில் இன்றைக்கு என்ன சமைப்பது என்று யார் முடிவுசெய்வார்கள்? காலையில் மகன் போனில் சொன்னது மறுபடி காதில் ஓடியது. "வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரும்மா. அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடறியா, இல்ல அங்கேயே இருக்கியா? உன் இஷ்டம்தாம்மா. இன்னைக்குச் சொல்லிடு." உன் இஷ்டம். வந்துதான் ஆகணும் என்று இழுத்திருந்தால் போயிருக்கலாம், வராதே என்றால் அழுதுவிட்டு இருந்திருக்கலாம். மருமகளும் தங்கமான பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இஷ்டம் என்கிறானே, அதை எந்த அலமாரியில் வைத்தோம், எப்போது கடைசியாக எடுத்தோம்? அவர் இருந்தவரை அவருக்குப் பிடித்த குழம்பு, பிறகு பையனுக்குப் பிடித்த பொரியல், மிச்சம் என்னவோ அது தனக்கு. அதில் வருத்தம்கூட இருந்ததில்லை, அதுதான் இப்போது விசித்திரமாக இருக்கிறது...

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை காலியாக இருந்தது. கதவைத் திறந்த பிறகுதான் தனியாக வந்திருப்பது உறைத்தது. இத்தனை நாளும் நாத்தனார் கேட்பாள், "அண்ணி, உங்களுக்கு?" "உனக்கு என்னவோ, அதே எனக்கும்." நாத்தனார் எழுந்து கைகழுவப் போன சமயத்தில் பரிமாறுபவர் யாராவது வந்து நின்றால் இவள் பக்கத்து மேசைத் தட்டைக் காட்டிவிடுவாள், அதுவே வந்துவிடும், பேச்சுகூடத் தேவையில்லை. "எங்க அண்ணி மெனு படிக்கிறதில்ல, பக்கத்து மேசையைத்தான் படிக்கிறாங்க," என்று நாத்தனார் ஊருக்கெல்லாம் போன்போட்டுச் சொல்லியாயிற்று. இன்றைக்குப் பக்கத்து மேசையில் ஆளே இல்லை. கடைக்காரப் பெண் ஓரத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து புருவத்தை உயர்த்தினாள். சுவரில் இருந்த படங்கள் வெயில் பட்டு எல்லாம் ஒரே பழுப்பு. என்ன வேண்டும்? என்ன வேண்டும்? விரல் தானாக எழுந்து, அந்தப் பெண் பாதி தின்றுவைத்த தட்டைக் காட்டியது. ஐயோ, என்ன காரியம் செய்தோம்... கடைக்காரி திரும்பித் தட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், என்னுடையதா என்பதுபோல் நெஞ்சில் கைவைத்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய், விற்பதற்கில்லாத சின்னப் பாத்திரத்திலிருந்து இன்னொரு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். அவித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன், பெரிய பெரிய வெள்ளை அவரைக்கொட்டைகள்.

மீன் நன்றாக இருந்தது. கிழங்கும்தான். கொட்டை வாயில் மாவாக ஒட்டியது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளினாள். தள்ளிவிட்டு அதையே பார்த்தாள். பிடிக்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. எத்தனை பேர் தட்டில் ஒதுக்கியதை வீணாகக் கூடாதென்று எடுத்துத் தின்றிருப்போம், ஒதுக்கிவைக்கத் தனக்கென்று ஓர் ஓரம் தட்டில் இருந்ததே தெரியாதே... கோபம் இல்லை, கொஞ்சம் அசதி, கொஞ்சம் வேடிக்கை. கிழங்கை எடுத்தாள், கொட்டையைத் தள்ளினாள், மீனை எடுத்தாள், தள்ளினாள். அப்போது போன் அடித்தது. மகன்.

"என்னம்மா, என்ன முடிவு பண்ணின?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துதான் பழக்கம், வாசலில் மணி அடித்தால், அவர் கூப்பிட்டால், அடுப்பில் பால் பொங்கினால். கால்கள் எழப் பார்த்தன. அவள் எழவில்லை.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்பா. முடிச்சிட்டுப் பேசறேன்."

"அம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சரி... சரிம்மா, நீ சாப்பிடு," என்றான், வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்டவன் குரலில். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தாள், மீனும் கிழங்கும் தீர்ந்துவிட்டிருந்தன, தட்டில் இருந்தது அவள் ஒதுக்கிய கொட்டைகள் மட்டுமே. அப்படியானால் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டோமோ, எதைத் தின்று முடிக்க நேரம் கேட்டோம்... கரண்டி கையிலேயே இருந்தது, கடைக்காரி நிமிர்ந்து பார்த்து, இன்னும் ஏதாவது வேண்டுமா என்பதுபோல் மறுபடி புருவத்தை உயர்த்தினாள்.