பொய் ஊசிக்கு வந்த மவுசு

ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஊசியம்மாவுக்கு இருபது வயது குறைந்துவிடும். ஆராய்ச்சிப் பயிற்சி நடந்த அந்த மூன்றாம் மாடி, கிறீச்சிடும் ஆறு சாய்வு நாற்காலிகள், ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரம் எல்லாம் கண்முன் வந்து நிற்கும்.

அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. காதில் ஊசி குத்திக் குடியை மறக்கடிக்கும் வைத்தியத்தில் பதினைந்து வருடப் பழக்கம். அவள் குத்திய காதுகளை அடுக்கினால் ஊரைச் சுற்றி மதில் எழுப்பலாம். ஆனால், "இது நிஜமாகவே பலிக்கிறதா?" என்று கேட்பவர்களிடம் காட்ட ஒரு தாள் கிடையாது. அதற்காகவே மாற்று மருத்துவக்காரர்களுக்கு ஆராய்ச்சி கற்றுத்தரும் பயிற்சியில் சேர்ந்தாள். பயிற்சி ஆய்வில் தேறினால் பெரிய ஆய்வு கைக்கு வரும். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குடியை விட வந்த இருபது பேரில் பாதிப் பேருக்குச் சரியான புள்ளியில் ஊசி. மீதிப் பேருக்குச் சும்மா ஓர் இடத்தில் பொய் ஊசி. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது.

"முகம் கல்லு மாதிரி இருக்கணும்க்கா," என்றாள் பயிற்சி நடத்திய புள்ளிவிவரக்காரி. வயதில் இளையவள், சிரிப்புக்குக்கூடச் சராசரி பார்ப்பவள்.

"கல்லென்ன, நாளையிலேர்ந்து நான் மலை."

மலை இரண்டாம் நாளே உருகியது. பொய் ஊசி ஏறும் காதைப் பார்த்தாலே, நம்பி வந்தவரை ஏமாற்றுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, பொய் ஊசி ஏறிய ஒரு லாரிக்காரரிடம் மனைவியின் முட்டிவலி, மகளின் பரீட்சை, லாரியின் கிளட்ச் வரை விசாரித்தாள். நிஜ ஊசிக்காரர்களை ஊசி பார்த்துக்கொள்ளும் என்று குத்தியதும் நகர்ந்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. பொய் ஊசியில் எட்டுப் பேர் குடியைத் தொடவில்லை. நிஜ ஊசியில் மூன்றே பேர்.

"என்னக்கா, உங்க ஊசிக்கு வேலையே இல்ல போலிருக்கே?"

மூன்று மாடியும் காலடியில் சரிந்தன. நாற்காலியில் வந்து பொத்தென்று உட்கார்ந்தவளிடம் லாரிக்காரர் நெருங்கினார்.

"சாயங்காலம் கை நடுங்குறப்ப, நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நினைச்சுப்பேம்மா. பாட்டில் தானா கீழ போயிடும். எனக்குப் பக்கத்து நாற்காலி மேஸ்திரிக்குத்தான் உங்க மேல மனத்தாங்கல்."

"ஏன்?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலையாமே?"

மேஸ்திரிக்கு நிஜ ஊசி. ஊசியம்மாவுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் பயிற்சி போகும். மூடினால் பதினைந்து வருட ஊசிக்குக் கெட்ட பெயர். நேரே புள்ளிவிவரக்காரியிடம் போய்ப் போட்டு உடைத்தாள்.

"தப்பு ஊசி மேல இல்லம்மா. என் வாய் மேல."

புள்ளிவிவரக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், கண்ணாடியே தேய்ந்துவிடும்போல.

"ஆறு வாரமும் குப்பைக்கு. புது ஆளுங்களை வச்சு முதல்லேர்ந்து செய்யணும்."

"நான் கிளம்பணுமா?"

"கிளம்புறதா? சொல்லாம மறைச்சிருந்தா அனுப்பியிருப்பேன். இந்தத் தடவை ஊசி குத்துறது வேற ஆள். ஊசியே இல்லாம பேச்சு மட்டும்னு மூணாவதா ஒரு குழு சேர்க்கறோம். அது உங்க தலையில."

ஆய்வுதான் குப்பைக்குப் போயிற்றே, இனி யார் தடுப்பது? ஊசியம்மா மேஸ்திரிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றவர், மூச்சு விடாமல் பேசத் தொடங்கினார். கடிகாரம் ஐந்தடித்தபோது, வேலை முடியும் நேரம் என்று ஊசியம்மா எழுந்தாள்.

"உட்காருங்கம்மா," என்றார் மேஸ்திரி. "அது அஞ்சு நிமிஷம் முந்தி ஓடுது."